அட்டவணையில் அப்பா எந்த வரிசை?

கேள்வி:

"டாக்டர் அவர்களுக்கு வணக்கம். என் அப்பாவுக்கு 61 வயது. ஹெபடைட்டிஸ் பி இருப்பது இருபது வருடம் முன்பு ரத்ததானம் செய்யப் போனபோதே தெரிந்தது. உடம்பு நன்றாக இருந்ததால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இப்போது கல்லீரலில் ஒரு பெரிய கட்டி, நுரையீரலில் இரண்டு சிறிய புள்ளிகள். ஆபரேஷன் செய்ய முடியாது, அட்டிசோலிசுமாப், பெவாசிசுமாப் என்ற இரண்டு மருந்துகளைத் தொடங்கலாம் என்கிறார் எங்கள் டாக்டர். இரவெல்லாம் தேடிப் படித்ததில், கல்லீரல் புற்றுக்கட்டிக்குள் இருக்கும் நோயெதிர்ப்புச் சூழல் இனத்துக்கு இனம் மாறுகிறது என்று ஓர் ஆய்வுக் கட்டுரை கண்ணில் பட்டது. மருந்துப் பரிசோதனை முடிவுகளிலும் 'ஆசியா', 'மற்ற நாடுகள்' என்று தனித்தனி வரிசை போட்டிருக்கிறார்கள். ஆசியர் என்றால் சீனரும் நாமும் ஒன்றா? அப்பா எந்த வரிசை? நம் இனத்துக்கு இந்த மருந்து கேட்குமா? அப்பாவின் வம்சாவளியைக் கண்டுபிடிக்க மரபணு சோதனை செய்யலாம் என்கிறான் தம்பி. கட்டியிலிருந்து சதை எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடுமா?"

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். கேள்விகள் பல இருந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான்: அப்பாவுக்கு இது பலன் தருமா? அதற்கு முதலில் நேராகவே சொல்லிவிடுகிறேன். இனத்தை நினைத்து இந்த சிகிச்சையை மறுக்கவும் வேண்டாம், தள்ளிப்போடவும் வேண்டாம். அப்பா எந்த இனம் என்பதை வைத்து இந்த மருந்தைக் கொடுப்பதா வேண்டாமா என்று எந்த டாக்டரும் முடிவு செய்வதில்லை. கல்லீரல் எவ்வளவு தெம்பாக இருக்கிறது, உணவுக்குழாயில் ரத்தக்குழாய்கள் புடைத்திருக்கின்றனவா, வைரஸ் கட்டுக்குள் இருக்கிறதா, இந்த மூன்றையும்தான் பார்ப்போம். அவற்றைப் பற்றிக் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

சரி, அப்படியானால் நீங்கள் படித்த கட்டுரை தவறா? தவறில்லை. வெவ்வேறு மக்களின் கல்லீரல் கட்டிகளை எடுத்து ஒப்பிட்டால் வேறுபாடு தெரியத்தான் செய்கிறது. அந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்பதில்தான் குழப்பமே.

நோயெதிர்ப்புச் சூழல் என்றால் என்ன என்று கொஞ்சம் விளக்குகிறேன். கட்டி என்பது புற்று செல்கள் மட்டுமே சேர்ந்த ஓர் உருண்டை என்று நினைத்துவிடாதீர்கள். அதற்குள் ரத்தக்குழாய் இருக்கும், நார் இருக்கும், நம் உடம்பின் காவல் செல்களும் இருக்கும். டி செல்கள் என்பவை வெள்ளணுக்களில் ஒரு வகை. அவற்றில் சிடி8 என்பவைதான் புற்று செல்லைக் கொல்வதில் முக்கியமானவை. ட்ரெக் என்ற இன்னொரு வகை டி செல் அவற்றை அடக்கி வைக்கும். மேக்ரோபேஜ் என்ற விழுங்கும் செல்கள் சூழ்நிலையைப் பொறுத்து எந்தப் பக்கமும் சாயும். இவற்றில் யார் எத்தனை பேர், கட்டிக்குள் நுழைந்துவிட்டார்களா, ஓரத்திலேயே நிற்கிறார்களா, நுழைந்தவர்கள் விழிப்பாக இருக்கிறார்களா, சோர்ந்து கிடக்கிறார்களா, இந்த மொத்த நிலவரத்துக்குத்தான் அந்தப் பெயர்.

கல்லீரல் இதில் தனி ரகம். அதற்கு வரும் ரத்தத்தில் நான்கில் மூன்று பங்கு குடலிலிருந்து வருகிறது. உணவின் துணுக்குகளும் கிருமிகளின் சிதைவுகளும் ஓயாமல் வந்துகொண்டே இருக்கும். ஒவ்வொன்றுக்கும் சண்டை பிடித்தால் கல்லீரல் ஒரு வாரம்கூடத் தாங்காது. அதனால் பொறுத்துப்போவதே அதன் இயல்பு. இந்தப் பொறுமைதான் ஹெபடைட்டிஸ் வைரஸுக்கும் பின்னால் புற்றுக்கும் இடம் கொடுத்துவிடுகிறது.

சில வருடங்களுக்கு முன் ஒரு மதியம், நோயியல் நிபுணரான என் தோழியின் அறையில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் பார்க்கக்கூடிய மைக்ராஸ்கோப் முன் உட்கார்ந்திருந்தேன். பெயர், ஊர் எதையும் சொல்லாமல் மூன்று ஸ்லைடுகளை ஒன்றன்பின் ஒன்றாக வைத்தார். முதலில் கட்டியைத் தாண்டி பக்கத்தில் இருந்த சாதாரண ஈரல் சதைக்குப் போகச் சொன்னார். முதல் ஸ்லைடில் அங்கங்கே சில செல்கள் தேய்த்த கண்ணாடி போல மங்கலாக, வெளிறிய இளஞ்சிவப்பாக இருந்தன. ஹெபடைட்டிஸ் பி வைரஸின் புரதம் செல் முழுக்க அடைத்துக்கொண்டால் அப்படித் தெரியும். இரண்டாவதில் செல்களுக்குள் வெள்ளை வெள்ளையாக வட்டமான ஓட்டைகள், கரைந்துபோன கொழுப்பு இருந்த இடங்கள். அது ஃபேட்டி லிவர். மூன்றாவதில் ரத்தக்குழாய்களை ஒட்டி கருநீலப் பொட்டுகள் கொத்துக் கொத்தாகக் குவிந்திருந்தன. அவை வெள்ளணுக்கள், ஹெபடைட்டிஸ் சி வைரஸில் அடிக்கடி பார்ப்பது. அப்புறம் கட்டிக்குள் போனோம். சிடி8 செல்கள் மட்டும் பழுப்பாகத் தெரியும்படி சாயம் ஏற்றிய ஸ்லைடுகளை வைத்தார். ஒன்றில் பழுப்புப் புள்ளிகள் கட்டிக்குள் தாராளமாகப் பரவியிருந்தன. இன்னொன்றில் கட்டியின் விளிம்போடு ஒரு கோடு போல நின்றுவிட்டன, உள்ளே ஒன்றிரண்டுதான்.

"இதில் யார் எந்த நாட்டுக்காரர், சொல்லுங்கள் பார்க்கலாம்" என்றார். என்னால் சொல்ல முடியவில்லை, அவராலும் முடியாது. ஆனால் நோய் எதனால் வந்தது என்பதை மூன்றிலும் இருவருமே ஓரளவு சொல்லிவிட்டோம். உங்கள் கேள்விக்கு நான் சொல்ல நினைக்கும் பதில் அந்த மதியத்திலேயே இருக்கிறது. கட்டியின் சுற்றுப்புறத்தில் ஆழமாகப் பதிந்திருப்பது நோயின் காரணம். அந்தக் காரணம் உலகில் எங்கும் ஒரே அளவில் பரவியிருக்கவில்லை. அதனால்தான் காரணத்தின் வேறுபாடு பல நேரம் இனத்தின் வேறுபாடு போல நம் கண்ணுக்குத் தெரிகிறது.

எப்படி என்று பாருங்கள். சீனா, கொரியா, ஆப்பிரிக்காவில் சஹாராவுக்குத் தெற்கே உள்ள பல நாடுகள் ஆகிய இடங்களில் கல்லீரல் புற்றுக்கு முதல் காரணம் ஹெபடைட்டிஸ் பி. ஜப்பானில் நெடுங்காலம் ஹெபடைட்டிஸ் சி. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் ஹெபடைட்டிஸ் சி, மது, இப்போது வேகமாக ஏறிவரும் ஃபேட்டி லிவர். கல்லீரல் புற்று விகிதத்தில் உலகிலேயே முதலிடத்தில் இருக்கும் மங்கோலியாவில் பி, சி, டி என்று மூன்று வைரஸ்களும் சேர்ந்து தாக்குகின்றன. மேற்கு ஆப்பிரிக்காவிலும் தெற்குச் சீனாவிலும், பூஞ்சை பிடித்த தானியத்தில் உண்டாகும் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு, டிபி53 என்ற மரபணுவில் 249ஆவது இடத்தைக் குறிவைத்துக் கெடுக்கிறது. தைவானில் 98 கல்லீரல் கட்டிகளைச் சோதித்த ஓர் ஆய்வு 2017இல் வந்தது. அவற்றில் 78 சதவீதத்தில் அரிஸ்டோலோக்கிக் அமிலத்தின் தடம் இருந்தது. சில மூலிகைகளில் உள்ள நஞ்சு அது. (இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன். தமிழில் ஆடுதின்னாப்பாளை, ஈஸ்வரமூலி என்று சொல்லும் செடிகள் இந்தக் குடும்பம்தான். அப்பாவுக்கு யாராவது கல்லீரலுக்கு நல்லது என்று பொடியோ கஷாயமோ கொடுத்தால், அதில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் கொடுக்காதீர்கள்.)

இதை எல்லாம் 'ஆசியர்', 'வெள்ளையர்', 'கறுப்பர்' என்று மூன்று பெட்டியில் போட்டு ஒப்பிட்டால் வேறுபாடு வராமல் இருக்குமா?

நீங்கள் பார்த்த அட்டவணைக்கு வருகிறேன். அது ஐம்பிரேவ்150 என்ற பரிசோதனையின் அட்டவணையாக இருக்க வேண்டும். அப்பாவுக்குச் சொல்லியிருக்கும் அதே இரண்டு மருந்துகளை, அதுவரை வழக்கத்தில் இருந்த சோராஃபெனிப் மாத்திரையோடு 501 நோயாளிகளில் ஒப்பிட்டு 2020இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அதில் இருக்கும் 'ஆசியா' என்ற வரிசையின் முழுப்பெயரைக் கவனித்தீர்களா? 'ஜப்பான் நீங்கலாக ஆசியா'. ஜப்பானியர்களை ஐரோப்பியர்களோடும் அமெரிக்கர்களோடும் சேர்த்து 'மற்ற நாடுகள்' வரிசையில் வைத்திருக்கிறார்கள். இனம்தான் அளவுகோல் என்றால் இப்படிப் பிரிக்க வழியே இல்லை. ஜப்பானில் நோய்க்கான காரணம் வேறு, அங்கே கட்டியைச் சீக்கிரமே கண்டுபிடித்துவிடுகிறார்கள், சிகிச்சை முறைகளும் வேறு. பரிசோதனையை வடிவமைத்தவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். அந்த வரிசை நோயின் வரலாற்றைப் பார்த்துப் பிரித்தது.

அந்தப் பரிசோதனையில் புதிய மருந்து பெற்றவர்களின் இடைநிலை ஆயுட்காலம் 19.2 மாதம், சோராஃபெனிப் பெற்றவர்களுக்கு 13.4 மாதம். சீன நோயாளிகளை மட்டும் தனியாகப் பார்த்தபோது 24 மாதமும் 11.4 மாதமும் வந்தன. இதைப் படித்துவிட்டுத்தான் 'ஆசியர்களுக்கு இந்த மருந்து நன்றாகக் கேட்கும்' என்று பலர் எழுதுகிறார்கள். அந்தச் சீன நோயாளிகளில் மிகப் பெரும்பாலானவர்களுக்கு ஹெபடைட்டிஸ் பி இருந்தது என்பதைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள்.

இடைநிலை என்ற சொல்லையும் கவனியுங்கள். பாதிப் பேர் அதைத் தாண்டி வாழ்ந்தார்கள் என்று பொருள். அப்பாவுக்குக் கெடு வைத்த எண்ணாக அதைப் படிக்காதீர்கள்.

மாதக் கணக்கை மட்டும் பார்த்தால் எப்படி ஏமாந்துபோவோம் என்பதற்கு ஒரு பழைய உதாரணம் உண்டு. சோராஃபெனிப் மாத்திரையையே முதலில் இரண்டு முறை சோதித்தார்கள். 2008இல் வெளியான முதல் பரிசோதனை பெரும்பாலும் ஐரோப்பிய நோயாளிகளில் நடந்தது. மாத்திரை பெற்றவர்கள் 10.7 மாதம், வெற்று மாத்திரை பெற்றவர்கள் 7.9 மாதம். மறு வருடம் ஆசிய பசிபிக் பகுதியில் நடந்த பரிசோதனையின் முடிவு வந்தது. 6.5 மாதம், 4.2 மாதம். ஆசியர்களுக்கு மருந்து சரியாக வேலை செய்யவில்லை என்றுதானே தோன்றும்? ஆனால் இறப்பு ஆபத்தை மருந்து எத்தனை பங்கு குறைத்தது என்று கணக்குப் போட்டால், ஒன்றில் 31 சதவீதம், மற்றதில் 32 சதவீதம். அச்சு அசலாக ஒரே பலன். ஆசியப் பரிசோதனையில் சேர்ந்தவர்களுக்கு நோய் முற்றியிருந்தது, கல்லீரலைத் தாண்டிப் பரவியிருந்தவர்கள் அதிகம். அவர்கள் தொடங்கிய இடமே வேறு.

இப்போது உங்கள் அப்பாவின் கட்டிக்கு நெருக்கமான விஷயம். பிறக்கும்போதோ கைக்குழந்தையாக இருக்கும்போதோ ஹெபடைட்டிஸ் பி தொற்றினால் பத்தில் ஒன்பது பேருக்கு அது நிரந்தரமாகத் தங்கிவிடும். வளர்ந்தபின் தொற்றினால் நூற்றில் ஐந்து பேருக்கும் குறைவாகத்தான் தங்கும். குழந்தையின் நோயெதிர்ப்பு வைரஸை வீட்டு ஆள் என்று நினைத்துப் பழகிவிடுகிறது. பல பத்தாண்டுகள் அதே வைரஸைப் பார்த்துப் பார்த்து டி செல்கள் சலித்துக் களைத்துப் போகின்றன. களைத்த டி செல்லின் மேல் பிடி-1 என்ற பிரேக் நிறைய முளைத்திருக்கும். சிங்கப்பூர் ஆய்வாளர்கள் 2019இல் இதைத்தான் காட்டினார்கள். ஹெபடைட்டிஸ் பி வழியாக வந்த கட்டிகளையும் வைரஸ் இல்லாமல் வந்த கட்டிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். முதல் வகையில் அடக்கி வைக்கும் ட்ரெக் செல்கள் கூடுதல், பிடி-1 மிகுந்த சிடி8 செல்களும் கூடுதல்.

கேட்க மோசமான செய்தி போல இருக்கும். ஆனால் யோசித்துப் பாருங்கள். அட்டிசோலிசுமாப் செய்யும் வேலையே இந்தப் பிரேக்கை மிதிக்கும் காலை எடுத்துவிடுவதுதான். பிரேக் பிடித்து நிற்கும் செல்கள் உள்ளே இருந்தால்தானே எடுத்துவிட்டுப் பயன்? பெவாசிசுமாப், கட்டி தாறுமாறாக வளர்த்து வைத்திருக்கும் ரத்தக்குழாய்களைக் கட்டுப்படுத்தி, டி செல்கள் உள்ளே நுழைய வழி செய்கிறது. இந்த இரண்டு மருந்துகளையும் பெற்றவர்களின் கட்டிகளைப் பின்னர் ஆராய்ந்தபோது, சிகிச்சைக்கு முன்பே சிடி8 செல்கள் அடர்த்தியாக இருந்தவர்களுக்குப் பலன் கூடுதலாக இருந்தது தெரிந்தது. எளிய கணக்கு இல்லை, ட்ரெக் செல்கள் மிஞ்சிப் போனால் பலன் குறைகிறது. ஆனாலும் ஹெபடைட்டிஸ் பி என்பது இந்த சிகிச்சைக்கு எதிரான காரணம் இல்லை. பரிசோதனைகளில் அந்தப் பிரிவினர் நன்றாகவே பலன் பெற்றிருக்கிறார்கள்.

ஃபேட்டி லிவரில் கதை வேறு மாதிரி. 2021இல் 'நேச்சர்' இதழில் வந்த ஆய்வு அந்த நேரத்தில் எங்களை எல்லாம் நிமிர்ந்து உட்கார வைத்தது. கொழுப்பால் வீங்கிய கல்லீரலில் சிடி8 செல்கள் ஏராளமாக இருந்தாலும் அவை இலக்கில்லாமல் கல்லீரலையே புண்ணாக்குகின்றன, பிரேக்கை எடுத்தால் எலிகளில் நிலைமை மோசமாகிறது என்று காட்டியது. மூன்று பெரிய மருந்துப் பரிசோதனைகளின் 1,656 நோயாளிகளைச் சேர்த்துப் பார்த்து, வைரஸ் வழி வந்தவர்களுக்குத்தான் பலன் தெளிவாகத் தெரிகிறது என்றும் சொன்னது. பிறகு பிரேக்கை எடுக்கும் வேறு இரண்டு மருந்துகளான டர்வாலுமாப், ட்ரெமெலிமுமாப் இரண்டையும் சேர்த்துச் சோதித்த ஹிமாலயா பரிசோதனையின் முடிவுகள் 2022இல் வந்தன. அதில் வைரஸ் இல்லாதவர்களும் பலன் பெற்றார்கள். ஹெபடைட்டிஸ் சி பிரிவில் பலன் தெரியவில்லை. அதே ஹெபடைட்டிஸ் சி பிரிவுதான் ஐம்பிரேவ்150இல் மிக நல்ல பலன் காட்டியது! பெரிய பரிசோதனையைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டிப் பார்க்கும்போது எண்கள் இப்படித்தான் ஆடும். நள்ளிரவில் அந்தத் துண்டு ஒன்றைப் படித்துவிட்டு அப்பாவின் விதி அதில் எழுதியிருக்கிறது என்று நினைத்தீர்கள் பாருங்கள், அதுதான் எனக்கு வருத்தமாக இருந்தது.

அப்படியானால் வம்சாவளி மரபணுவுக்கு இதில் பங்கே இல்லையா? இருக்கிறது. அதை மறைத்துவிட்டு எல்லாம் வைரஸ்தான் என்று சொன்னால் நான் நேர்மையாகப் பதில் சொன்னவன் ஆகமாட்டேன். எச்எல்ஏ என்ற மூலக்கூறுகள் செல்லுக்குள் நடப்பதைத் துணுக்குத் துணுக்காக வெளியே ஏந்தி டி செல்லுக்குக் காட்டுகின்றன. அவற்றில் எந்த வகை எவ்வளவு பேருக்கு இருக்கிறது என்பது மக்களுக்கு மக்கள் மாறும். ஐரோப்பியர்களிடம் ஏ02 பரவலாக இருக்கிறது, ஜப்பானியர்களிடம் ஏ24, தெற்குச் சீனாவிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் ஏ11. எச்எல்ஏ-டிபி என்ற இன்னொரு பகுதியில் உள்ள சிறு மாற்றங்கள் ஹெபடைட்டிஸ் பி நிரந்தரமாகத் தங்குமா என்பதைப் பாதிக்கின்றன என்று 2009இல் ஜப்பானிய ஆய்வு ஒன்று கண்டறிந்தது. ஈரலில் கொழுப்புச் சேரவைக்கும் பிஎன்பிஎல்ஏ3 மரபணு மாற்றம் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரிடம் மிக அதிகம், ஆப்பிரிக்க வம்சாவளியினரிடம் குறைவு. டி செல்லையே மாற்றியமைத்து ஏற்றும் புதிய சிகிச்சைகள் சில, குறிப்பிட்ட எச்எல்ஏ வகை உள்ளவர்களுக்கு மட்டுமே பொருந்தும். அங்கேகூட அந்த நபரின் எச்எல்ஏ வகையைச் சோதித்துத்தான் சேர்ப்பார்கள், இனத்தைக் கேட்டு அல்ல. அப்பாவுக்குச் சொல்லியிருக்கும் இரண்டு மருந்துகளுக்கு அந்தச் சோதனையே தேவையில்லை.

இந்த இடத்தில் ஹெபடைட்டிஸ் சி சிகிச்சையின் கதையை அவசியம் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் கவலையை அது அப்படியே ஒத்திருக்கிறது. இன்டர்ஃபெரான் ஊசியை 48 வாரம் போட்டுக்கொண்டிருந்த காலம். கிழக்கு ஆசியர்களுக்கு நன்றாகக் கேட்கும், ஐரோப்பியர்களுக்கு சுமார், ஆப்பிரிக்க அமெரிக்கர்களுக்கு மோசம். பல வருடம் இதை இன வேறுபாடு என்றே பாடப்புத்தகத்தில் படித்தோம். 2009இல் ஐஎல்28பி என்ற மரபணுவுக்குப் பக்கத்தில் ஒரே ஓர் எழுத்து மாற்றம் கண்டுபிடிக்கப்பட்டது. சாதகமான வகை இருந்தால் குணமாகும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆப்பிரிக்க அமெரிக்கர்களுக்கும் ஐரோப்பிய அமெரிக்கர்களுக்கும் இடையே இருந்த வித்தியாசத்தில் பாதியை அந்த ஓர் எழுத்தே விளக்கிவிட்டது. சாதகமான வகை கொண்ட ஆப்பிரிக்க அமெரிக்கர் ஒருவருக்கு, அது இல்லாத வெள்ளையரைவிட நன்றாகக் குணமானது. இனத்தைப் பார்த்து ஊசி பலிக்காது என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களை நினைத்தால் இன்றும் எனக்கு மனது கஷ்டமாக இருக்கும். பிறகு வைரஸை நேரடியாகத் தாக்கும் மாத்திரைகள் வந்தன. 8 முதல் 12 வாரத்தில் நூற்றுக்கு 95 பேருக்கு மேல் குணம், யாராக இருந்தாலும். அந்த மரபணுவைப் பார்ப்பதையே விட்டுவிட்டோம்.

கல்லீரல் புற்றில் இன்னும் அந்த இடத்துக்கு வரவில்லை. ஏன் என்றால், பார்த்த கட்டிகளே குறைவு. உலகம் முழுக்க ஆய்வாளர்கள் எடுத்துப் பயன்படுத்தும் அமெரிக்க மரபணுத் தொகுப்பான டிசிஜிஏவில் ஏறக்குறைய 370 கல்லீரல் புற்றுக் கட்டிகள் இருக்கின்றன. கறுப்பினத்தவருடையவை 17 மட்டும். ஆசியர் என்று குறித்தவர்கள் 160 பேர் அளவில். நீங்கள் படித்ததைப் போன்ற பல கட்டுரைகளுக்கு மூலம் இந்தத் தொகுப்புதான். 17 பேரை வைத்து ஓர் இனத்தின் நோயெதிர்ப்பைப் பற்றி யார் என்ன சொன்னாலும் சற்று நிதானமாகவே கேட்க வேண்டும். தெற்காசியர்கள் இந்த ஆய்வுகளில் தனியாகத் தெரியும் அளவுக்கு இல்லவே இல்லை. ஆசியர் என்ற ஒரே சொல்லுக்குள் மனித குலத்தின் பாதிக்கும் மேற்பட்டவர்களை அடைத்து வைத்திருக்கிறார்கள். 'சீனரும் நாமும் ஒன்றா' என்று நீங்கள் கேட்டது மிகச் சரியான கேள்வி. வம்சாவளியில் ஒன்று இல்லை. ஹெபடைட்டிஸ் பி வந்த கல்லீரல் என்ற அளவில் உங்கள் அப்பா அந்தச் சீன நோயாளிகளுக்கு நெருக்கமானவர்.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஆய்வுக்குக் கிடைக்கும் கட்டிகளில் பெரும்பாலானவை ஆபரேஷன் செய்து எடுத்தவை. ஆபரேஷன் செய்ய முடிகிறவர்களுக்கு நோய் ஆரம்ப நிலையில் இருக்கும். இம்யூனோதெரபி, அதாவது அப்பாவுக்குச் சொல்லியிருப்பது போல நோயெதிர்ப்பைத் தூண்டிவிடும் சிகிச்சை, பெறுகிறவர்களுக்கோ நோய் முற்றியிருக்கும். ஒருவரின் கட்டியைப் பார்த்து இன்னொருவருக்குப் பலன் சொல்வது போலத்தான் இது. சிரோசிஸ் (கல்லீரல் தழும்பேறி இறுகிப்போன நிலை) உள்ளவர்களுக்கு ஸ்கேனிலேயே நோயை உறுதிசெய்துவிடலாம் என்பதால் பலருக்கு பயாப்ஸியே, அதாவது சதை எடுத்துச் சோதிப்பதையே, செய்வதில்லை.

அதனால், சதை எடுத்துப் பார்த்தால் தெரியுமா என்ற உங்கள் கேள்விக்குப் பதில்: நோயை உறுதிசெய்ய பயாப்ஸி வேண்டும் என்று டாக்டர் சொன்னால் செய்யுங்கள். மருந்து கேட்குமா என்று முன்கூட்டியே அறிவதற்காக மட்டும் செய்ய வேண்டாம். கல்லீரல் புற்றில் அப்படிச் சொல்லும் அளவுக்கு நிரூபணமான சோதனை இன்று கிடையாது. பிடி-1 பிரேக்கை மிதிக்கும் பிடி-எல்1 என்ற புரதத்தின் அளவு நுரையீரல் புற்றில் பயன்படும், அதுவும் இங்கே கைகொடுப்பதில்லை. ஒரே கட்டியில் இந்த ஓரத்தில் டி செல்கள் நிறைந்திருக்கும், இரண்டு சென்டிமீட்டர் தள்ளி ஒன்றும் இருக்காது. ஊசி எங்கே குத்தியது என்பதைப் பொறுத்து முடிவு மாறும்.

தம்பியிடம் அந்த வம்சாவளி சோதனை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அக்கறையில் கேட்கிறார், புரிகிறது. ஆனால் அதில் வரும் எந்தச் சதவீதத்தைக் கொண்டும் உங்கள் டாக்டர் ஒரு முடிவும் எடுக்க முடியாது.

அந்த அக்கறையைக் கீழே சொல்வதில் செலவிடுங்கள். முதலாவது, அப்பாவின் ரத்தத்தில் ஹெபடைட்டிஸ் பி வைரஸின் அளவு, எச்பிவி டிஎன்ஏ என்ற சோதனை. வைரஸை அடக்கும் மாத்திரைகளான என்டகாவிர், டெனோஃபோவிர் இரண்டில் ஒன்றை அவர் சாப்பிடுகிறாரா என்று நீங்கள் எழுதவில்லை. இல்லை என்றால் நாளைக்கே டாக்டரிடம் கேளுங்கள். இம்யூனோதெரபி நடக்கும்போது வைரஸ் கிளம்பிவிட்டால் கல்லீரல் வீங்கி சிகிச்சையையே நிறுத்த வேண்டிவரும். ஐம்பிரேவ்150இலும் வைரஸுக்கான மாத்திரை சாப்பிடுகிறவர்களை, வைரஸ் அளவு 500 யூனிட்டுக்குக் கீழே இருந்தால்தான் சேர்த்தார்கள். இந்த மாத்திரையை ஒரு நாளும் விடக்கூடாது, புற்றுக்கான மருந்து நின்றாலும் இதை நிறுத்தக்கூடாது.

இரண்டாவது எண்டோஸ்கோபி. பெவாசிசுமாப் ரத்தக்கசிவை உண்டாக்கக்கூடியது. உணவுக்குழாயில் ரத்தக்குழாய்கள் புடைத்திருந்தால் முதலில் அதற்கு வளையம் போட்டோ மாத்திரை கொடுத்தோ சரிசெய்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். பார்த்து ஆறு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தால் மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். புடைப்பு மோசமாக இருந்தால் பெவாசிசுமாப் இல்லாத டர்வாலுமாப், ட்ரெமெலிமுமாப் வழியும் இருக்கிறது.

மூன்றாவது, கல்லீரலின் தெம்பு. பிலிருபின், அல்புமின், ரத்தம் உறையும் நேரம், வயிற்றில் நீர், மனத்தெளிவு ஆகிய ஐந்தையும் பார்த்து சைல்ட்-பியூ ஏ, பி, சி என்று பிரிப்போம். பரிசோதனைகளில் சேர்ந்தவர்கள் ஏ பிரிவினர். அப்பா எந்தப் பிரிவு என்று கேளுங்கள். நீங்கள் தேடிய வரிசை ஒன்று உண்டென்றால், அது இதுதான். முடக்குவாதம், தைராய்டு, சோரியாசிஸ் போன்ற தன்னெதிர்ப்பு நோய் ஏதாவது அப்பாவுக்கு இருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள்.

மருந்து மூன்று வாரத்துக்கு ஒரு முறை ஏற்றுவார்கள். தொடங்கியபின் விடாத வயிற்றுப்போக்கு, மூச்சிரைப்பு, கண்ணில் மஞ்சள், கறுப்பாக மலம், திடீர்ச் சோர்வு என்று எது வந்தாலும் அடுத்த தேதி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். அவிழ்த்துவிட்ட நோயெதிர்ப்பு நம் உறுப்புகளையே தாக்குவதன் அடையாளமாக அது இருக்கலாம், அல்லது ரத்தக்கசிவாக இருக்கலாம். சீக்கிரம் சொன்னால் பெரும்பாலும் கட்டுப்படுத்திவிடலாம்.

கடைசியாக ஒன்று. உங்கள் கடிதம் முழுக்க அப்பாவைப் பற்றித்தான் இருக்கிறது. ஹெபடைட்டிஸ் பி ஒரு வீட்டுக்குள் தாயிடமிருந்து குழந்தைக்கும், கணவன் மனைவிக்குள்ளும், ஒரே சவரக்கத்தி, ஒரே பல் பிரஷ் வழியாகவும் பரவும். உங்களுக்கும் தம்பிக்கும் அம்மாவுக்கும், இந்த வைரஸ் இருக்கிறதா என்று பார்க்கும் எச்பிஎஸ்ஏஜி சோதனை செய்தாகிவிட்டதா? அப்பாவின் அண்ணன், தம்பி, அக்கா, தங்கைக்கு? ஒரு ரத்தச் சோதனைதான். இல்லை என்று வந்தால் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். இருக்கிறது என்று வந்தால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை கல்லீரல் அல்ட்ராசவுண்ட், தேவைப்பட்டால் மாத்திரை. அப்பாவை அடுத்த முறை கூட்டிப்போகும் அன்றே நீங்கள் மூன்று பேரும் ரத்தம் கொடுத்துவிட்டு வாருங்கள்.